‘கோழை’ என்று யாரைச் சொல்லலாம்?

நண்பர் ஒருவர் சிறுகதை எழுதுகிறார். தங்கைக்கு அவள் விருப்பத்தைக் கேட்காமலே மாப்பிள்ளை பார்த்து முடிக்கிறார் அப்பா. அவள் அண்ணனைப் பார்க்கிறாள். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் தூணோரம் நிற்கிறான். அந்த இடத்தில் “அவன் ஒரு கோழை” என்று ஒரு வரி. படித்துப் பார்த்த நண்பரின் அம்மா, “கோழைன்னா சளியாச்சே, அதை எதுக்கு இங்க எழுதியிருக்கே?” என்று கேட்டுவிட்டார். நண்பருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டும் ஒரே சொல்லா? பயந்தாங்கொள்ளி, தொடைநடுங்கி, பேடி என்றெல்லாம் சொல்கிறோமே, அவற்றுக்கும் கோழைக்கும் என்ன வித்தியாசம்? பயப்படுகிறவர்கள் எல்லாரும் கோழைகள்தானா? இதையெல்லாம் எழுதிக் கேட்டிருந்தார்.

அச்சுக்குப் போகிற தமிழைத் திருத்துவதுதான் முப்பது வருடமாக என் வேலை. இந்தச் சொல்லைப் பல இடங்களில் அடித்திருக்கிறேன், சில இடங்களில் அப்படியே விட்டிருக்கிறேன். ஏன் அடித்தேன், ஏன் விட்டேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அம்மாவின் பக்கம் நிற்கிறேன். அவர் சொன்னது முழுக்கச் சரி. கோழை என்றால் சளிதான். அதிலும் மூக்கில் ஒழுகுகிற தண்ணீர்ச் சளி இல்லை; நெஞ்சிலும் தொண்டையிலும் கட்டிக்கொண்டு, காறினாலும் வெளியே வராமல் இழுக்கிற கெட்டிச் சளி. “நெஞ்சுல கோழை கட்டியிருக்கு” என்று கிராமத்தில் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். நகரத்தில் எல்லாவற்றுக்கும் சளி என்ற ஒரே சொல் போதும் என்று ஆகிவிட்டது. ஆனால் சித்த மருத்துவத்தில் இந்தச் சொல் நன்றாகவே வாழ்கிறது. ஆடாதோடை, தூதுவளை, திப்பிலி, அதிமதுரம் இவற்றின் செய்கையைச் சொல்லும்போது ‘கோழையகற்றி’ என்றே எழுதுகிறார்கள்.

இந்தப் பொருளுக்கு வயதும் அதிகம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர், கும்பகோணம் பக்கத்திலிருக்கிற திருவைகாவூரைப் பாடிய பதிகம் இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது:

“கோழைமிட றாககவி கோளுமில வாகஇசை கூடும்வகையால்
ஏழையடி யாரவர்கள் யாவைசொன சொல்மகிழும் ஈசனிடமாம்”

மிடறு என்றால் தொண்டை. தொண்டை கோழை கட்டியதாக இருக்கட்டும், பாட்டின் பொருள் பிடிபடாமல் இருக்கட்டும், தங்களுக்குக் கூடிய அளவில் இசை கூட்டி எளிய அடியார்கள் எதைச் சொன்னாலும் அந்தச் சொல்லுக்கு மகிழ்கிற ஈசனின் இடம் இது என்கிறார். அங்கே வருகிற ‘ஏழை’ காசில்லாதவரைக் குறிக்கவில்லை. அறியாதவர், எளியவர் என்பதுதான் அதற்குப் பொருள். ஏழை என்ற சொல் பிற்பாடு பணத்தின் பக்கம் போய்விட்டது. கோழைக்கோ பழைய பொருளும் போகவில்லை. பக்கத்திலேயே இன்னொரு பொருளும் இருக்கிறது. தைரியமில்லாதவர் என்ற பொருளையும் சளி என்ற பொருளையும் அகராதிகள் இரண்டுமாகவே தருகின்றன.

ஒன்றிலிருந்துதான் மற்றது பிறந்தது என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் இரண்டும் சந்திக்கிற ஓர் இடத்தை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

என் தம்பி ஆறாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் சுதந்திர தினத்துக்குப் பேசச் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரம் வீட்டுக்குள் நடந்து நடந்து மனப்பாடம் செய்தான். எங்களுக்கே அந்தப் பேச்சு பாடமாகிவிட்டது. அன்றைக்கு மேடையில் ஏறி, “அவையோர்க்கு வணக்கம்” என்றான். அதற்கு மேல் குரல் வரவில்லை. வாய் அசைந்தது, சத்தம் இல்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான். ஓர் ஆசிரியர், “கோழைப் பயலே, எறங்கு கீழே” என்றார். முன்வரிசையில் சிரிப்பு.

வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை. அப்பத்தா என்னவென்று கேட்டதற்கு, “சார் என்னைக் கோழைன்னு சொல்லிட்டார்” என்றான். அப்பத்தா வேறெதுவும் கேட்கவில்லை. கொல்லை வேலியோரம் நின்ற ஆடாதோடையில் நாலைந்து இலை கிள்ளி வந்து, மிளகைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்து, தேன் விட்டு ஆற்றிக்கொண்டு வந்தாள். தம்பிக்கு அழுகை இன்னும் கூடிவிட்டது. “எனக்குச் சளி இல்ல அப்பத்தா” என்றான். “தெரியும்டா. குடி. தொண்டையில நின்னது எதுவா இருந்தாலும் வெளியே வரணும்” என்றாள். ‘ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்’ என்ற பழமொழி அவள் வாயில் எப்போதும் இருக்கும். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்து முடித்ததும் திண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த இரண்டு பேரிடம், “என் பேரன் பேசப்போறான், கேளுங்க” என்றாள். முதலில் முனகினான். அப்புறம் கடைசி வரைக்கும் பேசினான். அவர்கள் கடலையை உரித்தபடியே கேட்டார்கள்.

அப்பத்தாவுக்குப் பள்ளிப் படிப்பு கிடையாது. ஆனால் ஆசிரியர் சொன்ன கோழையும் அவள் அகற்ற நினைத்த கோழையும் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தொண்டையில். உள்ளே இருக்கிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. மேடையில் நின்ற தம்பியிடம் பேச்சு இல்லாமல் இல்லை. எழுபது எண்பது வரி அவனுக்குள் இருந்தது.

போர்க்களத்தில் ஓடியவனைத்தான் கோழை என்பார்கள் என்று நினைப்பவர்கள் திருக்குறளின் 73-ஆம் அதிகாரத்தைப் புரட்ட வேண்டும். அவையஞ்சாமை என்று ஓர் அதிகாரம் முழுவதையும் பேசப் பயப்படுகிறவர்களுக்காக ஒதுக்கியிருக்கிறார் வள்ளுவர். “பகையகத்துச் சாவார் எளியர் அரியர் அவையகத்து அஞ்சா தவர்” என்கிறார். போரில் சாகத் துணிந்தவர்கள் எளிதாகக் கிடைப்பார்கள், சபையில் பயப்படாமல் பேசுகிறவர் கிடைப்பதுதான் அரிது. அலுவலகக் கூட்டம் எதிலாவது உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது புரியும். அதே அதிகாரத்தின் கடைசிக் குறள், “உளரெனினும் இல்லாரொடு ஒப்பர் களன்அஞ்சிக் கற்ற செலச்சொல்லா தார்”. கற்றது இருக்கிறது, சபைக்குப் பயந்து அது வெளியே செல்லவில்லை. அப்படிப்பட்டவர் உயிரோடு இருந்தும் இல்லாதவருக்குச் சமம். ‘கற்ற செலச்சொல்லாதார்’ என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தம்பியின் தொண்டைதான் நினைவுக்கு வரும். ஆனால் வள்ளுவர் இதைச் சொன்னது மந்திரிகளைப் பார்த்து, பொருட்பாலில், அரசவைக்குப் போகிறவர்களைப் பற்றி. பதினோரு வயதுப் பையனைப் பார்த்துச் சொல்லவில்லை. இந்த வேறுபாடு முக்கியம். பின்னால் இதற்குத் திரும்பி வருகிறேன்.

இப்போது மற்ற சொற்கள். பயந்தாங்கொள்ளிக்கு எழுத்து வடிவம் பயங்கொள்ளி, பயத்தைக் கொள்கிறவர். வாயில் அது பயந்தாங்கொள்ளி என்று நீண்டு, சில ஊர்களில் பயந்தாங்குளி என்றும் ஆகிவிட்டது. இந்தச் சொல்லில் கறை கிடையாது. கரப்பான்பூச்சியைக் கண்டு கட்டில் மேல் ஏறுகிறவரை, ராத்திரி கொல்லைப்பக்கம் போகத் துணைக்கு ஆள் கூப்பிடுகிற பிள்ளையை, ஊசி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாமாவைப் பயந்தாங்கொள்ளி என்கிறோம். சொல்லும்போதே சிரிப்பு வரும். சொல்லப்பட்டவரும் சிரித்துவிடுவார். அதே மாமாவைக் கோழை என்று சொல்லிப் பாருங்கள், வீட்டில் பேச்சு வார்த்தை நின்றுவிடும். பயங்கொள்ளி சுபாவத்தைச் சொல்கிறது. கோழை தீர்ப்புச் சொல்கிறது.

தொடைநடுங்கிக்கு மேடை வாசனை உண்டு. வாய் வீரம் பேசிவிட்டுச் சமயம் வந்தால் நடுங்குகிறவரைச் சொல்ல அதுதான் பொருத்தம். எதிர்க்கட்சிக்காரரைத் தொடைநடுங்கி என்று சொல்லாத அரசியல் பேச்சாளர் குறைவு. தமிழில் பயமும் தைரியமும் எப்போதும் உடம்பில் ஏதாவது ஓர் இடத்தில் இருப்பதையும் இங்கே கவனிக்கலாம். தொடை நடுங்குகிறது, குலை நடுங்குகிறது, வயிற்றில் புளியைக் கரைக்கிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, ஓடுகிறவன் முதுகைக் காட்டுகிறான். தைரியசாலிக்கு நெஞ்சுரம். பழந்தமிழில் தைரியத்துக்கு வன்கண், தறுகண் என்று கண்ணை வைத்தே பெயர். “வாளொடென் வன்கண்ணர் அல்லார்க்கு” என்று குறள் கேட்கும்போது வன்கண்ணர் என்றால் வீரர்கள். இன்றைக்கு ஒருவரை வன்கண் பிடித்தவர் என்றால் பொறாமைக்காரர், இரக்கமில்லாதவர் என்று ஆகிவிடும். பாராட்டு வசையாகிவிட்டது.

கையாலாகாதவன் என்பதைக் கோழைக்குப் பதிலாகப் போடுகிறவர்கள் உண்டு. அது வேறு. கையாலாகாதவனுக்குத் திறன் இல்லை. கோழைக்குத் திறன் இருக்கலாம், அதைப் பயம் தின்றுவிட்டது.

பேடிக்கு வருகிறேன். கைப்பிரதிகளில் இந்தச் சொல்லைக் கண்டால் நான் தயங்காமல் அடிக்கிறேன், காரணத்தையும் ஓரத்தில் எழுதுகிறேன். பேடி, பேடு என்பவை ஆண் பெண் என்ற இரண்டு வரையறைக்குள் வராதவரைக் குறித்த சொற்கள். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் ஒன்றின் பெயரே பேடு. அது காமன் ஆடிய ஆடல். தெய்வம் ஆடிய கோலத்துக்குப் பெயரான சொல் அது. வள்ளுவரும் இதைக் கோழைக்கு உவமையாக எடுத்திருக்கிறார் என்பதை மறைக்க முடியாது. “பகையகத்துப் பேடிகை ஒள்வாள்” என்று அவையஞ்சாமையில் ஒரு முறை, “பேடிகை வாளாண்மை போலக் கெடும்” என்று ஆள்வினையுடைமையில் ஒரு முறை. உவமையாக வந்தது நாளடைவில் வசையாகவே ஆகிவிட்டது. குறளைக் குறளாக அப்படியே படிப்போம், அதில் கை வைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்று நாம் எழுதுகிற வாக்கியத்துக்கு நாம்தான் பொறுப்பு. 2008-இல் தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கென்று தனி நல வாரியம் அமைந்தது. திருநங்கை என்ற மரியாதையான சொல் இன்று பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. தினமும் தெருவில் இறங்கி நடப்பதற்கே துணிச்சல் தேவைப்படுகிற வாழ்க்கை அவர்களுடையது. அவர்களுடைய பழைய பெயரைத் துணிச்சல் இல்லாதவனுக்குச் சூட்டுவது எந்த வகையில் நியாயம்? ‘பொட்டை’, ‘சேலையைக் கட்டிக்கோ’, ‘வளையல் போட்டுக்கோ’ என்பவையும் இதே கணக்குதான். மகன் போரில் முதுகு காட்டினான் என்று கேட்டதும் கையில் வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டிப் பார்த்த கிழவியைப் பாடிய மொழி இது.

அந்தக் கிழவி வருவது புறநானூற்றின் 278-ஆம் பாட்டில். பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார், ஒரு பெண். நரம்பு புடைத்து உலர்ந்த மெல்லிய தோள்களை உடைய அந்த முதியவளிடம் பலர் வந்து, உன் மகன் “படையழிந்து மாறினன்” என்கிறார்கள். அவன் அப்படி உடைந்து ஓடியிருந்தால் அவன் உண்ட முலையை அறுத்தெறிவேன் என்று சினந்து போகிறாள். சிவந்த களத்தில் மகனின் உடல் சிதைந்து வேறு வேறாகிக் கிடக்கிறது. அதைக் கண்டு, அவனைப் பெற்ற நாளைவிடப் பெரிதாக மகிழ்ந்தாள் என்று பாட்டு முடிகிறது. பள்ளியில் இதை வீரத்தாயின் பாட்டு என்று சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அதன் மொழிதான் முக்கியமாகப் படுகிறது. மகன் ஓடினான் என்று ஊரே சொல்கிற இந்தப் பாட்டில் கோழை என்ற சொல் இல்லை. அதற்கு ஈடான வேறு பெயரும் இல்லை. ‘மாறினன்’, ‘உடைந்தனன் ஆயின்’ என்று வினைச்சொற்கள்தான் இருக்கின்றன. அவன் செய்ததாகச் சொல்லப்படும் செயல் இருக்கிறது, அவனுக்கு ஒட்டப்பட்ட பெயர் இல்லை. கடைசியில் அந்தச் செயலும் பொய் என்று தெரிகிறது. ஊர் சொன்னது தவறு. பெயர் ஒட்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசிக்கிறேன். செயல் பொய் என்று நிரூபிக்கலாம். ஒட்டிய பெயரை உரிப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

இன்னொன்றும் அந்தப் பழைய போர் மரபில் இருக்கிறது. போர்ப் பாடல்களுக்கு இலக்கணம் சொல்கிற புறப்பொருள் வெண்பாமாலையில் தழிஞ்சி என்று ஒரு துறை, அதாவது ஒரு பாடுபொருள். “அழிகுநர் புறக்கொடை அயில்வாள் ஓச்சாக் கழிதறு கண்மை” என்பது அதற்குச் சொல்லும் இலக்கணம். தோற்று முதுகு காட்டி ஓடுகிறவர் மேல் வாளை ஓங்காமல் இருப்பதுதான் மிகுந்த தறுகண்மை என்கிறது. முதுகு காட்டுவதை இழிவென்று நினைத்த அதே மரபு, முதுகு காட்டியவனை வெட்டாமல் விடுவதை வீரத்தின் மேல் படியில் வைத்தது. ஓடுகிறவன் பயந்த மனிதன், அவன் வீடு போய்ச் சேரட்டும். இந்த இரண்டாவது பாதியை நாம் அதிகம் சொல்லிக்கொடுப்பதில்லை. இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

சரி, பயந்தவர்கள் எல்லாரும் கோழைகளா என்ற கேள்வி. தமிழின் மிகப் பழைய இலக்கணமே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில், அச்சத்தை ஒன்றாக வைக்கிறது, நகைக்கும் அழுகைக்கும் உவகைக்கும் சமமாக. அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்) என்ற நான்கும் அச்சம் பிறக்கும் இடங்கள். மனிதன் என்றால் இவற்றுக்குப் பயம் வரும் என்று ஒப்புக்கொண்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுகிறது. திட்டவில்லை. குறள் இன்னும் ஒரு படி மேலே போய், “அஞ்சுவது அஞ்சாமை பேதைமை” என்கிறது. பயப்பட வேண்டியதற்குப் பயப்படாதவன் முட்டாள். ஆற்றில் வெள்ளம் ஓடும்போது இறங்கமாட்டேன் என்பவனும், மின்கம்பி அறுந்து கிடக்கும் தெருவில் பிள்ளையைப் பிடித்து நிறுத்துகிறவளும் அச்சத்தால் அறிவாளிகள். ‘புலி பதுங்குவது பாய்வதற்கு’ என்று பதுங்குவதற்கும் ஒரு மரியாதை வைத்திருக்கிறோம்.

ஆக, பயம் மட்டும் இருந்தால் கோழைத்தனம் ஆகாது. என் வேலையில் நான் வைத்துக்கொண்டிருக்கிற அளவுகோலைச் சொல்கிறேன். ஒருவர் செய்தே ஆகவேண்டிய ஒன்று இருக்க வேண்டும், அதைச் செய்யும் சக்தி அவரிடம் இருக்க வேண்டும், வேறு எந்தக் காரணமும் இல்லாமல் பயம் ஒன்றால் மட்டும் அவர் அதைச் செய்யாமல் விட்டிருக்க வேண்டும், அதனால் இன்னொருவர் அடிபட்டிருக்க வேண்டும். இவ்வளவும் சேர்ந்தால் அந்த இடத்தில் கோழைத்தனம் என்ற சொல்லை விட்டுவிடுகிறேன். ஒன்று குறைந்தாலும் அடிக்கிறேன். அரசவைக்குப் போகிற மந்திரிக்கு வள்ளுவர் சொன்னது இந்த அளவுகோலில் நிற்கும். அவர் வாயைத் திறக்காவிட்டால் நாடு கெடும். மேடையில் நின்ற என் தம்பிக்கு நிற்காது. அவன் பேசாமல் போனதால் யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை.

சட்டத்தில் இந்தச் சொல் ஏறும்போது என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம், ஓடிப்போனதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் தன் படைவீரர்களையே கம்பத்தில் கட்டிச் சுட்டது. அப்படிச் சுடப்பட்டவர்களில் பலர் குண்டுச் சத்தத்தில் மனம் சிதைந்துபோனவர்கள் என்று பிற்காலத்தில் ஏற்றுக்கொண்டார்கள். 306 பேருக்கு 2006-இல் மன்னிப்பு வழங்கப்பட்டது. கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் கழித்து. இந்தியாவிலும் 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 34-ஆம் பிரிவில் எதிரியின் முன் கோழைத்தனம் காட்டுவது மரண தண்டனை வரை போகக்கூடிய குற்றம். ராணுவத்துக்கு அதற்கான காரணங்கள் இருக்கலாம். ஆனால் ஒரு மனிதனின் கை நடுங்கியதைப் பார்த்து, அது கோழைத்தனமா நோயா என்று வெளியிலிருந்து சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு அந்த 306 பேர் போதும்.

இதைச் சொல்லும்போது நான் மிக அதிகமாக அடித்திருக்கிற ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் போக முடியாது: ‘தற்கொலை கோழைகளின் முடிவு’. தேர்வு முடிவு வரும் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் நல்லெண்ணத்தில் இதை எழுதி அனுப்புவார். எழுதுகிறவர் பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் நினைக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நிலையில் இருக்கிற பிள்ளை அதைப் படித்தால் என்ன ஆகும்? தனக்குள் இருப்பதை வெளியே சொன்னால் தன்னைக் கோழை என்பார்கள் என்று இன்னும் இறுக வாயை மூடிக்கொள்ளும். தொண்டையில் நிற்பதை வெளியே கொண்டுவர வேண்டிய நேரத்தில் அதை உள்ளே தள்ளுகிற வாக்கியம் அது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, வேறு விதமாக நிரூபிக்கப்படாத வரை, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது என்கிறது. சட்டமே இறங்கி வந்துவிட்டது, நம்முடைய சொல்லும் இறங்கி வர வேண்டும். அந்த வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் 14416 என்ற மனநல உதவி எண்ணைப் போடச் சொல்வேன். எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.

இலக்கணத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், நண்பர் எழுதுகிறவர் என்பதால் உதவும். கோழை என்ற சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் ஈறு கிடையாது, ஏழை, பேதை போல. அவனும் கோழை, அவளும் கோழை. பன்மையில் கோழைகள் என்பது வழக்கம், கோழையர் என்று எழுதினாலும் தவறில்லை. பண்பைச் சொல்ல கோழைத்தனம். இந்தத் ‘தனம்’ பெரும்பாலும் நமக்குப் பிடிக்காத குணங்களோடுதான் ஒட்டுகிறது: சோம்பேறித்தனம், கஞ்சத்தனம், திருட்டுத்தனம், முட்டாள்தனம். புத்திசாலித்தனம் மாதிரி ஒன்றிரண்டு விலக்கு. வீரத்தனம் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் கோழைத்தனம் என்று எழுதிவிட்டால் அதற்கு முன்னால் ‘இழிவான’, ‘கேவலமான’ என்று எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

இந்தச் சொல்லுக்கு எந்த இடம் சரி என்பதைத் தமிழ் இலக்கணத்தின் மூன்று இடங்களை வைத்தே பார்க்கலாம். முன்னிலையில் “நீ கோழை” என்றால் வசை. சண்டைக்கு இழுக்கத்தான் அது பயன்படும். எத்தனையோ பேர் அந்த ஒரு சொல்லுக்காகவே தேவையில்லாத வம்பில் போய் விழுந்திருக்கிறார்கள். படர்க்கையில் “அவன் கோழை” என்றால் அந்த நேரம் அவன் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும் என்று சொல்வதாகிறது. பெரும்பாலும் தெரியாது. தன்மையில், “நான் கோழையாக இருந்துவிட்டேன்” என்று சொல்லும்போது மட்டும்தான் எல்லாம் தெரிந்தவர் பேசுகிறார்.

எனக்கு அப்படி ஒரு நாள் உண்டு. நகரப் பேருந்து, சாயங்கால நெரிசல். ஒரு வயதான அம்மா, காய்கறிக் கூடையோடு ஏறியவர். சில்லறை இல்லை என்று நடத்துநர் அவரைக் கேட்கக் கூசுகிற வார்த்தைகளில் பேசினார். அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார், விரல் நடுங்குகிறது, முடிச்சு அவிழவில்லை. என் சட்டைப் பையில் சில்லறை இருந்தது. அதைவிட, “ஏங்க, கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க” என்ற வாக்கியம் என் வாயில் முழுசாக உருவாகி நின்றது. எனக்கும் அவருக்கும் நடுவில் நாலு பேர். தொண்டையைக் கூடச் செருமிக்கொண்டேன். நடத்துநர் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அடுத்த நிறுத்தத்தில் அந்த அம்மாவை இறக்கிவிட்டார்கள். கூடையிலிருந்து இரண்டு கத்தரிக்காய் படியில் உருண்டது.

என் அளவுகோல் எல்லாமே அங்கே பொருந்தியது. செய்ய வேண்டியது இருந்தது, செய்ய முடிந்தது, பயத்தைத் தவிர வேறு தடை இல்லை, அடிபட்டது இன்னொருவர். அன்று நான் செய்தது கோழைத்தனம். அதற்கு வேறு சொல் தேடிப் பார்த்திருக்கிறேன். தயக்கம், கூச்சம், சூழ்நிலை என்று எதுவும் அந்த இடத்தில் ஒட்டவில்லை.

அதனால் நண்பரின் கதைக்குத் திரும்பினால், சொல் தப்பில்லை, சொல்கிறவர்தான் இடிக்கிறார். கதைசொல்லி வந்து “அவன் ஒரு கோழை” என்றதும் வாசகர் அண்ணனை விட்டு விலகிவிடுகிறார். அந்த வரியை எடுத்துவிட்டு, அவன் என்ன செய்தான் என்பதை மட்டும் எழுதிப் பார்க்கட்டும். தங்கை பார்த்தபோது தொண்டையைச் செருமினான், அப்பா ஏறிட்டார், அவன் தூணில் சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தை நகத்தால் சுரண்டினான். கோழை என்ற சொல் கதையில் இருந்தே ஆகவேண்டும் என்றால், கல்யாணம் முடிந்து பல வருடம் கழித்து ஒரு தீபாவளிக்குத் தங்கை வீட்டுக்கு வருகிற அண்ணன், அவள் காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போது, “அன்னிக்கு நான் கோழை மாதிரி நின்னுட்டேன் பாப்பா” என்று சொல்லட்டும். அவள் என்ன பதில் சொல்வாள் என்பதை நண்பர்தான் எழுத வேண்டும்.